மடியில் ஒரு முன்சக்கரம்

இடிக்குதுங்களா தம்பி? இருங்க, இப்படித் திருப்பி வெச்சுக்கறேன். இப்ப பரவால்லீங்களா? மேல பலகையில வெச்சுருங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். கார்பன் வீலுங்க இது. தூக்கிப் பாருங்க. சும்மா தூக்குங்க, ஒண்ணும் ஆகாது. வெயிட்டே தெரியல பாத்தீங்களா? பொரிச்ச அப்பளத்தத் தூக்கற மாதிரி இருக்கும்.

என்னுது இல்லீங்க. எங்க டீம் பையன் நவநீத்துது. பஞ்சர் ஆயிருச்சு. பத்திரமா கொண்டு போய்க் குடுக்கணும், அதான் மடியிலயே வெச்சிருக்கேன். என் சைக்கிள் அங்க கடைசி சீட்டுக்கிட்ட நிக்குது. அது விழுந்தாலும் பரவால்ல.

நீங்க எது வரைக்குமுங்க? சிங்காநல்லூருங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் எறங்கறேன். தாராபுரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கிட்டு வர்றது எனக்கு ஆகாத காரியம்.

இதுங்களா, ஜெர்சி. முதுகுல ரோஹித்னு போட்டிருக்கும். என் பேரு மருதாசலம். ரோஹித்துங்கறது வேற பையன். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு, அதனால அவன் சட்டை எனக்கு வந்துச்சு. வயித்துல கொஞ்சம் இறுக்கம், மத்தபடி அளவு எடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்க. நேத்து ரோட்டுல நின்னவங்க எல்லாம் "கமான் ரோஹித், கமான் ரோஹித்"னு கத்தினாங்க. நான் கையக் காமிச்சேன். பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்.

ரேஸுங்க தம்பி. சைக்கிள் ரேஸ். தாராபுரம் தாண்டுனா கரண்டு எடுக்கற காத்தாடியா நிக்குதுல்ல, அந்த ரோட்டுல. நேத்து சனிக்கிழமை ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. பரிசுப் பணம்னு பெருசா ஒண்ணும் இல்ல. எல்லாரும் ஆசைக்கு ஓட்டறவங்கதான். பல் டாக்டர் ஓட்டறாரு, பேங்க்காரர் ஓட்டறாரு. நான் பம்ப்செட் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறேன். எனக்கு அம்பத்திரண்டு. பாத்தா சொல்ல மாட்டீங்க.

ஆறு வருசமா ஓட்டறனுங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நான் சைக்கிள் எடுத்தேன். ஆறு வருசமும் தனியாத்தான். திருச்சி ரோட்டுல விடியறதுக்குள்ள கெளம்பி சூலூர் போயிட்டுத் திரும்புவேன். வாரத்துல மூணு நாள் இந்த டீம் பசங்க என்னைத் தாண்டிப் போவாங்க. ஒரே நிறத்துல சட்டை போட்டுக்கிட்டு, ஒருத்தன் பின்னால ஒருத்தன், ஒரு சாண் இடைவெளியில. "குட் மார்னிங்ணா"ம்பாங்க. நான் குட் மார்னிங் சொல்லி முடிக்கறதுக்குள்ள சூலூர் ஏர்போர்ஸ் தாண்டியிருப்பாங்க. அவங்க போனதுக்கு அப்பறம் ரோடு இருக்கும் பாருங்க, அப்படி வெறிச்சுனு இருக்கும். அதுக்கு முன்னாடியும் அதே ரோடுதான். ஆனா அப்பத் தெரியாது.

அதுல ஒருத்தனா நானும் போகணும். அவ்வளவுதானுங்க என் ஆசை. ஜெயிக்கணும்னு எல்லாம் இல்ல.

வீட்டுலயும் இப்ப யாரும் இல்லீங்க. வீட்டம்மா பெங்களூர்ல மக வீட்டுல இருக்காங்க, பேரனப் பாத்துக்கறதுக்கு. நானும் லீவு போட்டுட்டு வர்றேன், ராத்திரியில நான் பாத்துக்கறேன்னேன். வேண்டாம், நீங்க அங்கயே இருங்கன்னுட்டாங்க. அவங்களுக்கு என் வேலை மேல அக்கறை.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன மாசம் சைக்கிள் கடையில செயின் மாத்தப் போயிருந்தேன். அங்க லோகநாதன்னு ஒருத்தர், நான் சொன்ன பல் டாக்டர் அவருதான், நொய்யல் வீலர்ஸ் டீமுக்கு அவருதான் கேப்டன். கடைக்காரர்கிட்ட பொலம்பிக்கிட்டு இருக்காரு. ரோஹித் விழுந்துட்டான், அஞ்சு பேர் இல்லாட்டி டீம்னு பேர் குடுக்க முடியாது, ஆளே கெடைக்கலைங்கறாரு. கடைக்காரர் என்னைப் பாத்தாரு. டாக்டரும் என்னைப் பாத்தாரு. ஒரு நிமிசம் பாத்தாருங்க. நான் சொன்னேன், "டாக்டர், கவலைய விடுங்க. நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாங்க.

"இந்த வாரம் ஓட்டிப் பாப்போம்ணா, அப்பறம் பேசிக்கலாம்"னாரு. அப்பறம் பேசிக்கலாம்னா என்னங்க அர்த்தம்? டீம்ல சேத்துக்கறதப் பத்திப் பேசறதுதானே. வாட்சப் குரூப்புல இன்னும் சேக்கல. சேத்துருவாங்க.

அஞ்சு பேரு. டாக்டரு, நவநீத்து, அப்சல், இன்பா, நானு. நவநீத்துக்கு இருபத்திரண்டு வயசு, குதிரை மாதிரி ஓட்டுவான். இன்னைக்கு ரேஸ்ல மொத மூணு பேருக்குள்ள வந்தா ஸ்டேட் செலக்‌ஷனுக்குக் கூப்புடுவாங்க. அடுத்த வருசம் அவனுக்கு வயசு தாண்டிரும். அதனால டீமே அவனுக்காகத்தான் ஓட்டுது. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லீங்க. டீம்னா அப்படித்தானே.

நேத்து ரேஸ் எப்படின்னா, அஞ்சு பேரும் ஒண்ணா கெளம்பணும். வரிசையா. அங்க காத்து ஆளைத் தூக்கற காத்து. முன்னால போறவன்தான் காத்த வாங்குவான், பின்னால வர்றவங்க அவன் மறைவுல வருவாங்க. கொஞ்ச நேரம் போனதும் அவன் ஒதுங்கிப் பின்னால வந்துருவான், அடுத்தவன் முன்னால போவான். இதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. மொதல்ல வர்றவன் நேரம் எடுக்க மாட்டாங்க. நாலாவது ஆள் எப்ப கோட்டைத் தாண்டறானோ அதுதான் டீமோட நேரம்.

டாக்டர் என்கிட்டத் தனியா சொன்னாரு. "மருதுண்ணா, நீங்க முன்னால வரவே வேண்டாம். கடைசியில ஒட்டிக்கிட்டு வாங்க. விட்டுப் போனாலும் பரவால்ல, எங்களுக்கு நாலு பேர் போதும்." எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. ஆனா தம்பி, நாலு பசங்க காத்துல சாக, நான் மட்டும் பின்னால நெழல்ல உக்காந்துக்கிட்டு வர்றதா? மனசு ஒப்புமா? பாதி தூரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்தேன். அமராவதி வாய்க்கால் பாலம் வந்துச்சு. அப்சல் தலை தொங்கிப் போச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. சரின்னு வெளிய வந்து, நாலு பேரையும் தாண்டி முன்னால போய் இழுத்தேன்.

அப்படி ஒரு இழுப்பு நான் இழுத்ததே இல்லீங்க. பாலம், அதுக்கப்பறம் மேடு, எதுக்கும் கொறைக்கல. பின்னால என்னமோ கத்தினாங்க, உற்சாகப்படுத்தறாங்கன்னு நெனச்சேன். கடைசி வளைவுல திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. நான்தான் எங்க டீம்ல மொதல்ல கோட்டைத் தாண்டினேன். கைய மேல தூக்கினேன். போட்டோ எடுத்தாங்க. அப்பறம் நவநீத்தும் டாக்டரும் வந்தாங்க. அப்பறம் நின்னோம், நின்னோம், நாலாவது ஆளா வர இன்பாவையும் காணோம், அப்சலையும் காணோம். அவன் என்னோட வேகத்துக்கு ஓட்டிப் பாத்து வாந்தி எடுத்துட்டானாம். அப்சல் அவனைத் தட்டிக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்தான்.

கடைசி எடம்.

நான் யாரையும் குத்தம் சொல்லல. நான் மட்டும்தான் ஒழுங்கா ஓட்டினேன்னு டாக்டர்கிட்டயும் சொல்லல. அவரே வந்து "சரி விடுங்கண்ணா"ன்னாரு. அவர் மொகத்தப் பாத்தா எனக்கே கஷ்டமா இருந்துச்சு. பசங்களுக்கு இன்னும் பழகணும்.

லாட்ஜுல எனக்குத் தனி ரூம் குடுத்தாங்க. அவங்க நாலு பேரும் ஒரே ரூம்ல நெருக்கியடிச்சுப் படுத்துக்கிட்டாங்க. மூத்தவர்னு ஒரு மரியாதை. சாயங்காலம் புரோட்டா சாப்புடப் போலாம்னு கதவைத் தட்டினேன். உள்ள ஒரே சிரிப்பு. கதவைத் தெறந்ததும் நிறுத்திக்கிட்டாங்க. "நாங்க சாப்டுட்டோம்ணா"ன்னான் இன்பா. வாந்தி எடுத்த பையன் சாப்புட்டானேன்னு எனக்கு நிம்மதி. நான் மட்டும் போய்ச் சாப்புட்டு வந்தேன்.

இன்னைக்குக் காலைல மீட்டிங். வேனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே டாக்டர் சொல்றாரு, எல்லாரும் கேக்கறோம். நவநீத்துக்கு பஞ்சர் ஆனா அப்சல் நின்னு தன் வீலைக் கழட்டிக் குடுத்துரணும். ரோடு குறுகல், கார் எல்லாம் ரொம்பப் பின்னால வரும், வேனுக்குக் காத்துக்கிட்டு நின்னா கூட்டம் போயிரும். இதுதான் ரோடு ரேஸ்ல வழக்கம், தம்பி. ஒருத்தன் ரேஸ விட்டுட்டு நிப்பான், இன்னொருத்தன் அவன் சக்கரத்துல போவான். நின்னவன் பேரு பேப்பர்ல வராது. ஆனா டீம்ல எல்லாருக்கும் தெரியும். சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க.

அப்பறம் என்கிட்ட வந்தாரு. "அண்ணா, நீங்க இன்னைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்க பாட்டுக்கு ஓட்டுங்க. தயவு செஞ்சு." தயவு செஞ்சுன்னு சொன்னாருங்க. ஒரு டாக்டர்.

நான் என் பாட்டுக்கு ஓட்டற ஆளா? நீங்களே சொல்லுங்க. இந்த வீல் குடுக்கற விசயம் எனக்கு முன்னாடியே தெரியும். வீட்டுல ராத்திரி சோறு தின்னுட்டு, ஹால்ல சைக்கிளை நிறுத்தி, முன் வீலைக் கழட்டறதும் மாட்டறதுமாப் பழகியிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டுவேன். கீழ் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு.

ரேஸ் ஆரம்பிச்சுது. இன்னைக்கு எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல தம்பி, காலு அப்படி ஓடுச்சு. மொத மேட்டுல பாதிப் பேர் கழண்டு போயிட்டாங்க. டாக்டர் போயிட்டாரு. இன்பா போயிட்டான். நான் போகல. முன்னால இருபது பேர் கூட்டம், அதோட வாலுல நான். நவநீத்து இருக்கான், அப்சல் இருக்கான், நான் இருக்கேன். ஒரே சட்டை மூணு பேரு. ஒரு சாண் இடைவெளி. நான் எப்பவும் ரோட்டோரத்துல இருந்து பாத்தேனே, அதுக்குள்ள இருந்தேன் தம்பி. சிரிச்சுக்கிட்டே ஓட்டினேன். வாய்க்குள்ள பூச்சி போச்சு, துப்பக்கூட இல்ல.

அப்பத்தான் நவநீத்து கையத் தூக்கினான். முன் வீலு. இதேதான்.

அப்சல் எனக்கு முன்னால இருந்தான், பிரேக் புடிச்சான். ஆனா நான் அவனுக்கு முந்திட்டேன். அவன் கால் ஊனறதுக்குள்ள நான் எறங்கி வீலைக் கழட்டிட்டேன். "நீ போ கண்ணு! நான் பாத்துக்கறேன்!"னு கத்தினேன். அப்சல் நின்னான். என் சைக்கிளைப் பாத்தான். என்னமோ சொன்னான், கையக் கையக் காட்டினான். அந்தக் காத்துல என்ன காது கேக்கும்? கூட்டம் போய்க்கிட்டு இருக்குது. நான் போய் அவன் முதுகுல கைய வெச்சு ஒரு தள்ளு தள்ளி விட்டேன். போயிட்டான்.

போயிட்டானுங்க. இதுதான் எனக்கு மனசு ஆறல. கூட இருக்கறவன் நின்னு என்ன ஏதுன்னு பாக்க வேண்டாமா? ரெண்டு தடவ திரும்பிப் பாத்தான், அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தன் காரியம்தான் பெருசு.

நான் வீலை ரெண்டு கையிலயும் புடிச்சு நவநீத்துகிட்ட நீட்டறேன். என் ரேஸ் போச்சு. இருபது பேருக்குள்ள வந்திருப்பேன், ஆயுசுக்கும் அப்படி ஒரு எடம் கெடைக்காது. ஆனா அந்த நிமிசம் தம்பி, அப்படி ஒரு சந்தோசம். என் கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல. இந்தா கண்ணு, புடி, போன்னேன்.

அவன் வாங்கல.

"இது செட் ஆகாதுண்ணா"ன்னான்.

அவனுது டிஸ்க் பிரேக்குங்க. இங்க நடுவுல தட்டு இருக்கு பாருங்க, பிரேக் இதைத்தான் புடிக்கும். என்னுது பழைய மாடல், ரப்பர் கட்டை விளிம்பப் புடிக்கற மாதிரி. அச்சுக் கம்பியே வேற சைஸு. உள்ளயே போகாது. எனக்குத் தெரியாதுங்களா? ஸ்டோர்ஸ்ல இருக்கறவன் நான், எந்த போல்ட்டுக்கு எந்த நட்டுன்னு பாக்காமச் சொல்லுவேன். தெரியும். கழட்டறது மட்டும்தான் அப்ப ஞாபகத்துல இருந்துச்சு.

ஆமாங்க, அப்சலுதும் டிஸ்க்குதான். அவனுது மாட்டியிருக்கும். அதனாலதான் சொல்றேன், அவன் போயிருக்கக் கூடாது.

நவநீத்து என்னைத் திட்டல. மைல்கல்லு மேல உக்காந்துக்கிட்டான். கூலிங் கிளாஸைக் கழட்டவே இல்ல. கூட்டம் அந்தக் காத்தாடிங்களுக்கு நடுவுல சிறுசாப் போறத ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். "கவலப்படாத கண்ணு, நான் டாக்டர்கிட்டச் சொல்லிக்கறேன்"னேன். அவன் தலைய ஆட்டினான். வேன் வந்துச்சு. வேற வீலை மாட்டிக்கிட்டுப் போனான். மெதுவாத்தான் போனான். அதுக்கப்பறம் வேகமாப் போயி என்ன பண்ண?

இந்த வீலை ரோட்டோரத்துலயே போட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் எடுத்தேன். முதுகுல கட்டிக்கிட்டு எதுத்த காத்துல மிதிச்சு வந்து சேந்தேன். வந்தா கோட்டுக்கிட்ட யாரும் இல்ல. பந்தல் பிரிச்சுட்டாங்க. வேனும் போயிருச்சு. டாக்டருக்கு கிளினிக் இருக்கும், ஞாயித்துக்கிழமைகூட பல்லு வலிக்குமே. ஆனா என் பையை மறக்காம டீக்கடையில குடுத்துட்டுப் போயிருந்தாங்க. "ரோஹித் சட்டை போட்ட பெரியவர் வருவாரு, குடுத்துருங்க"ன்னு சொல்லியிருந்தாங்களாம். பாருங்க, அந்த அவசரத்துலயும்.

பஸ் ஏறுன ஒடனே டாக்டருக்கு மெசேஜ் போட்டேன். வீல் என்கிட்டப் பத்திரமா இருக்கு, புதன்கிழமை பிராக்டிஸுக்குக் கொண்டாந்தர்றேன்னு. இது என் கையில இருக்கற வரைக்கும் புதன்கிழமை எனக்கு அங்க ஒரு வேலை இருக்குது பாருங்க.

அது என் போன்தானுங்களா அடிச்சது? டாக்டரா இருக்கும். கண்ணாடி பைக்குள்ள கெடக்குது, கொஞ்சம் படிங்க தம்பி. சத்தமாவே படிங்க, ரகசியம் ஒண்ணும் இல்ல.

"அண்ணா, வீலையும் ஜெர்சியையும் சைக்கிள் கடையில குடுத்துருங்க. அப்சல் வந்து வாங்கிக்குவான். பிராக்டிஸுக்கு வர வேண்டாம்."

வேற ஒண்ணும் இல்லீங்களா? கீழ இருக்குதா பாருங்க. இல்லையா.

வர வேண்டாம்னா... அலைச்சல் வேண்டாம்னு சொல்றாரு. ரெண்டு நாளா ஓட்டியிருக்கேன்ல, ஒடம்பு அசதியா இருக்கும்னு. டாக்டருங்க இல்லையா, அப்படித்தான் யோசிப்பாங்க. என்னங்க? நீங்க என்ன நெனைக்கறீங்க?

சட்டைய எதுக்குக் கேக்கறாங்க? ரோஹித்துக்குக் கையே தூக்க முடியாதே.

தம்பி, ஒண்ணு சொல்லட்டுங்களா? தனியா ஓட்டறது சலிச்சுப் போச்சுங்க. அவ்வளவு தூரம் போயி, ஒரு டீயக் குடிச்சுட்டு, யார்கிட்டயும் ஒரு பேச்சு பேசாமத் திரும்பி வர்றது. நாளைக்குக் காலைலயும் அதே ரோடுதான். அவங்க வருவாங்க. குட் மார்னிங்ணாம்பாங்களா, மாட்டாங்களான்னு தெரியல. அதை நெனச்சாத்தான் பயமா இருக்குது.

நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா? சிங்காநல்லூர்தானே, எனக்குப் பக்கம். பழைய சைக்கிள் ஒண்ணு வீட்டுல கெடக்கும்ல? காத்தடிச்சு எடுத்துட்டு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன். நான் முன்னால போறேன், நீங்க என் மறைவுல வந்தாப் போதும். காத்தே தெரியாது. ரெண்டு பேர் இருந்தாலே டீம்தானுங்க.

எங்க எந்திரிக்கறீங்க? இன்னும் பல்லடமே வரலீங்களே. ஓ, பின்னால சீட் காலியாயிருச்சுங்களா? போங்க போங்க, கால நீட்டி உக்காருங்க. எனக்கும் இந்த வீலை வெச்சுக்கிட்டு உங்கள இடிச்சுக்கிட்டே வர்றது சங்கடமாத்தான் இருந்துச்சு. உங்க பை இங்கயே இருக்கட்டும், எதுக்குத் தூக்கிக்கிட்டு. நான் பாத்துக்கறேன்.

பையையும் எடுத்துக்கிட்டீங்களா. சரிங்க.